ஒரு ஈட்டுக்கு மூன்று சிட்டிகை

ஜூன் 3, திங்கள்

"வாயில போடுற எல்லாத்தையும் எழுதணும் அக்கா. ஒரு கடலைன்னாலும் எழுதணும். மனசுல தோணுறதையும் எழுதுங்க, பசி எங்கருந்து வருதுன்னு எனக்குப் பிடிபடும்" என்று மெர்லின் சொன்னாள். மதுரை ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர், நாகர்கோவில் பெண். அவள் மேசையில் ரப்பரில் செய்த மஞ்சள் கட்டி ஒன்று கிடக்கிறது. ஒரு கிலோ கொழுப்பு அவ்வளவு பெரிதாக இருக்குமாம். எடுத்து அமுக்கிப் பார்த்தேன். மைசூர்பாகு ஞாபகம் வந்தது. அதையும் எழுத வேண்டுமா தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

என் பெயர் ராஜகனி. வயது நாற்பத்து நான்கு, எடை எழுபத்து நான்கு. சாத்தூரில் சேவுக்கடை. கல்லீரலில் கொழுப்பு இருபத்திரண்டு சதவீதம். இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் குருநாதன், டாக்டர் அறை என்றும் பாராமல், "கல்யாணத்தன்னைக்கே எங்கம்மா சொல்லுச்சு, இவளுக்குக் கொழுப்பு சாஸ்தின்னு. மிஷினு இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கு" என்றார். டாக்டரே சிரித்துவிட்டார்.

பத்துக்குக் கீழே வந்தால்தான் என் ஈரலில் பாதியை வெட்டி அண்ணனுக்கு வைப்பார்கள். அண்ணன் தவசிலிங்கத்துக்கு ஈரல் சுருங்கிவிட்டது. மதினிக்கு இரத்த வகை சேரவில்லை, பிள்ளைகள் சின்னது, நான் ஒருத்திதான் பாக்கி. ஆகஸ்டுக்கு மேல் தாங்குவது கஷ்டம் என்றார் டாக்டர். வெட்டிய ஈரல் முருங்கை போல மறுபடி வளர்ந்துவிடுமாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே குஷி. கொடுத்தது திரும்பி வருகிற தானம் உலகத்தில் வேறு என்ன இருக்கிறது?

அண்ணனும் நானும் பேசி நான்கு வருடமாகிறது. காரணம் இங்கே வேண்டாம். இது சாப்பாட்டு டைரி.

ஜூன் 4, செவ்வாய்

காலை: இட்லி மூன்று. மிளகாய்ப்பொடிக்கு எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். சீ.

மதியம்: ஒரு கரண்டி சோறு, தாளிக்காத ரசம், அவித்த பீர்க்கங்காய்.

இரவு: சுட்ட சப்பாத்தி இரண்டு. வீட்டுக்காரர் அதில் ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டார்.

இனி ஒரு சொட்டு எண்ணெய் இந்த வாயில் படாது. எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் சொல்கிறேன், இதைவிடப் பெரிய சபதம் சாத்தூரில் எவரும் எடுத்திருக்க முடியாது.

கடையில் இன்று பதினெட்டு ஈடு. நான் மாவு பிசைந்து கொடுப்பேன், சீனியப்பன் மாஸ்டர் துளைக் கரண்டியில் தேய்த்து எண்ணெயில் இறக்குவார். ஒரு தடவை சட்டியில் பொரிந்து வருவது ஒரு ஈடு, அதற்கு ஒரு பிசைவு. அப்பா வைத்துவிட்டுப் போன சட்டம் ஒன்று இருக்கிறது. ஈடு வெளியே வந்ததும் 'உப்பு சரி' என்று முதலாளி வாய் திறந்து சொல்ல வேண்டும். அந்தச் சொல் வராமல் சேவு தராசுக்குப் போகக் கூடாது, எதிரே கலெக்டரே நின்றாலும் சரி. அப்பா இருந்தவரை அப்பா சொன்னார். இப்போது என் கடையில் நான்.

ஐந்தாவது ஈட்டில் உப்பு தூக்கல். அடுத்த பிசைவில் குறைத்தேன். பதினொன்றில் பூண்டு பத்தவில்லை.

ஜூன் 5, புதன்

நேற்று எழுதியதே. பீர்க்கங்காய்க்குப் பதில் சுரைக்காய். வித்தியாசம் தெரியவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

ஒரு வாரமாக எண்ணெய் இல்லாமல் உதடு வெடித்து, மலமும் இறுகி, முகம் கருவாடாகிவிட்டது. பெருமையாக மெர்லினுக்கு போன் போட்டுச் சொன்னேன். பாராட்டுவாள் என்று பார்த்தால் காதைப் பிடித்துத் திருகாத குறை.

"யாரு அக்கா எண்ணெயை முழுசா விடச் சொன்னது? உடம்புக்குக் கொழுப்பு வேணும். காய்கறில உள்ள சில சத்து, கூடக் கொழுப்பு இருந்தாத்தான் உடம்புல ஏறும். நாளைக்கு மூணு டீஸ்பூன் நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ சேருங்க. ஒரு பிடி நிலக்கடலை தின்னுங்க. வாரம் ரெண்டு நாள் மத்தி மீன் கொழம்பு வைங்க."

"அப்ப ஈரல்ல கொழுப்பு எப்படி வந்துச்சு?"

"மிச்சமாப் போற எதையும் ஈரல் கொழுப்பாக்கி வச்சுக்கும். சோறு, மாவு, சீனி, சுட்ட எண்ணெயவே திரும்பத் திரும்பச் சுட வச்சுப் பொரிச்சது, எல்லாந்தான். எண்ணெய் எதிரி இல்ல அக்கா. அளவுதான்."

ஆக என் ஈரல் என்னைப் போலத்தான். பழைய டப்பா, கட்டுக்கயிறு, பிளாஸ்டிக் பை, எதையும் தூக்கிப் போட மனசு வராமல் சேர்த்து வைக்கிற ஜாதி. அதன் மேல் கோபம் போய்ப் பாசமே வந்துவிட்டது.

இரவு: மத்தி மீன் குழம்பு, ஒரு கரண்டி சோறு. மூன்று டீஸ்பூன் எண்ணெயையும் அதிலேயே விட்டேன். ஆனந்தத்தில் கண்ணீர் வந்தது. காரம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

ஜூன் 18, செவ்வாய்

உறுப்பு தானக் குழு முன்னால் இன்று விசாரணை. மனமொப்பிக் கொடுக்கிறேனா, யாராவது மிரட்டினார்களா என்று கேட்பார்கள்.

மதுரைக்கு ஒரே காரில்தான் போனோம். முன்னால் அண்ணன், பின்னால் நானும் சுகந்தி மதினியும் வீட்டுக்காரரும். அண்ணனுக்கு வயிறு உப்பி, கண் மஞ்சளாகி, கழுத்து மெலிந்துவிட்டது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"சுகந்தி, ஏசி கூட இருக்கான்னு பின்னால கேளு" என்றான் அண்ணன்.

"கூட இல்லன்னு சொல்லுங்க மதினி" என்றேன்.

மதினி தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு பேருக்கும் ஒரே ஈரலை வைக்கப் போறாங்க. அதாச்சும் உள்ள போய்ப் பேசுதான்னு பாப்போம்."

குழுவில் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர், "உங்க அண்ணன்கூட உறவு எப்படிம்மா?" என்று கேட்டார்.

"ரொம்ப நெருக்கம் மேடம். நடுவுல ஒரு செங்கல் அகலந்தான் எடவெளி" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அப்பாவுக்குப் பிறகு கடையை இரண்டாகப் பிரித்து எழுப்பிய சுவர் அது. அந்தப் பக்கப் பலகையில் 'ஒரிஜினல்', என் பலகையில் 'பழைய ஒரிஜினல்'. குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது.

மதியம்: ஆஸ்பத்திரி கேண்டீனில் மூன்று இட்லி. மதினி வடையை என் பக்கம் நகர்த்தினார். நான் முனிவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜூன் 27, வியாழன்

காலை: கேழ்வரகுக் கூழ், நிலக்கடலை ஒரு பிடி. மதியம்: சோறு ஒரு கரண்டி, கீரை, முட்டை. இரவு: இரண்டு தோசை, ஒரு டீஸ்பூன் எண்ணெய்.

இருபது ஈடு. பன்னிரண்டாவது பல்லில் ஒட்டியது, மாஸ்டரிடம் சொல்லித் தீயைக் கூட்டினேன்.

ஆள் அனுப்பி அண்ணன் கடைச் சேவு கால் கிலோ வாங்கி வரச் சொன்னேன். வாராவாரம் வாங்குவதுதான். எதிரிச் சரக்கைத் தெரிந்து வைத்துக்கொள்வது வியாபாரம், வேறொன்றும் இல்லை. இரண்டு வருடமாகப் பார்க்கிறேன், தினமும் ஒரே ருசி. ஒரு நாள் கூட உப்பு கூடவுமில்லை, குறையவுமில்லை. சேவென்றால் ஒரு உயிர் வேண்டாமா?

ஜூலை 4, வியாழன்

மெர்லினுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இவ்வளவு கம்மியாச் சாப்பிட்டும் பசிக்கலியா அக்கா?" என்று கேட்டாள். எனக்குப் பசியே இல்லை. மற்ற நோயாளிகள் எல்லாம் இந்நேரம் சுவரைப் பிராண்டுவார்களாம். நான் அப்படிப்பட்ட பிறவி இல்லை. மனக்கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறது. என்னைப் பற்றி எனக்கே மதிப்பு கூடிக்கொண்டே போகிறது.

ஜூலை 15, திங்கள்

இருபது.

ஆறு வாரம் பீர்க்கங்காய் தின்றதற்கு இருபத்திரண்டிலிருந்து இருபது. எடை ஒரு கிலோ குறைந்திருக்கிறது. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். இன்னும் ஐந்து வாரம், ஆகஸ்ட் பத்தொன்பதில் கடைசி ஸ்கேன், அதற்குள் பத்துக்குக் கீழே வராவிட்டால் நான் கொடுக்க முடியாது என்று முடிவு. இறந்தவர் ஈரலுக்குப் பதிந்து வைத்திருக்கிற வரிசையில் அண்ணன் நாற்பத்தோராவது ஆள்.

மெர்லின் இந்த டைரியை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். சிரித்தாள், நடுவில் சிரிப்பை நிறுத்தினாள், திரும்பி முன்பக்கத்துக்குப் போனாள்.

"அக்கா, ஜூன் நாலாந்தேதி, அஞ்சாவது ஈட்டுல உப்பு தூக்கல்னு எழுதிருக்கீங்க."

"ஆமா, அன்னைக்கு உப்பு கல்லு கல்லா இருந்துச்சு."

"தூக்கல்னு எப்படித் தெரிஞ்சுது?"

"இதென்ன கேள்வி? வாயில போட்டாத்தான..." என்று ஆரம்பித்தேன்.

"அதை ஏன் எழுதல?"

"அது சாப்பாடு இல்லியே தாயி. அது வேலை."

அவள் என்னையே பார்த்தாள். வீட்டுக்காரர் மேற்கூரையைப் பார்த்தார்.

"ஒரு ஈட்டுக்கு எவ்வளவு அக்கா?"

"மூணு சிட்டிகை. உப்புக்கு ஒண்ணு, காரத்துக்கு ஒண்ணு, மொறுமொறுப்புக்கு ஒண்ணு."

"எத்தனை வருசமா?"

"பதினாறு வயசுலருந்து. அண்ணனும் அப்படித்தான். அதுக்கு முன்னால அப்பா. அப்பா நாளைக்கு நாப்பது ஈடு பாப்பாரு."

"அப்பா எதுல இறந்தாங்க?"

"ஈரல் கெட்டு. குடிச்சு."

"அவரு குடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

நான் யோசித்தேன். ஒரு நாள் கூடப் பார்த்ததில்லை.

ஜூலை 16, செவ்வாய்

மெர்லின் சொன்னபடி இன்று ஒவ்வொரு ஈட்டிலும் மூன்று சிட்டிகை எடுத்தேன், வாயில் போடாமல் ஒரு பையில் போட்டேன். இருபது ஈடு. சாயங்காலம் பையைத் தராசில் வைத்தேன்.

முன்னூற்றிப் பத்து கிராம்.

வீட்டுக்காரர் முள்ளைத் தட்டிப் பார்த்தார். அதே முன்னூற்றிப் பத்து. போனில் மெர்லின் சொன்னாள், நான் டைரியில் எழுதுகிற மூன்று வேளைச் சாப்பாட்டை விட அது அதிகமாம். அதில் எண்ணெய் மட்டும் அரை டம்ளர் இருக்குமாம். ரசத்துக்குத் தாளிக்காமல் நான் மிச்சம் பிடித்த எண்ணெயை நினைத்துச் சிரிக்க ஆரம்பித்தேன். மனக்கட்டுப்பாடாம்! சிரித்துச் சிரித்து விலா வலித்தது. பிறகு சிரிப்பு அழுகையாகிவிட்டது.

"அப்பாவைச் சோதிக்காம இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது அக்கா" என்றும் மெர்லின் சொன்னாள். "எடை, சுகர், வம்சம், தின்னது எல்லாஞ்சேந்து வர்றது. ஆனா ஒரு சொட்டு குடிக்காதவங்களுக்கும் இது வரும். உங்க அண்ணன் ஃபைல்லயே மதுப்பழக்கம் இல்லைன்னுதான் போட்டிருக்கு."

அந்த வரியை நானும் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லி எழுத வைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

காரணத்தை இப்போது எழுதுகிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் ஆடிக் கடைசி வெள்ளி. இருக்கன்குடிக் கோயிலுக்குப் போகிற கூட்டம் இரண்டு கடையையும் மொய்த்து நின்றது. அண்ணன் தராசுக்கு முன்னால் மயங்கி விழுந்தான், வாந்தி எடுத்தான். நான் இந்தப் பக்கத்திலிருந்து ஓடிப்போய், அத்தனை பேர் முன்னால், "அப்பா மாதிரி நீயும் ஒளிஞ்சு குடிச்சு ஈரலைக் கெடுத்துக்கிட்டியே" என்று கத்தினேன். பயத்தில் கத்தினேன். ஆனால் கத்தினேன். ஊர் நம்பியது. தங்கச்சியே சொன்னால் நம்பாமல் என்ன செய்யும்? அண்ணன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து என்னிடமும் பேசவில்லை.

சாப்பாடு: எதுவும் இறங்கவில்லை. மோர் ஒரு டம்ளர்.

ஜூலை 19, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. ருசி பார்க்கிற பொறுப்பை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தேன். மனிதர் சட்டைப்பொத்தானைத் தளர்த்திக்கொண்டு வேலையில் இறங்கினார். முதல் ஈடு, "பிரமாதம்." இரண்டாவது, "பிரமாதம்." ஏழாவதுக்கு மாவில் உப்பு போட நான் மறந்துவிட்டேன், எட்டாவதில் அந்த ஞாபகத்தில் இரண்டு முறை போட்டேன். இரண்டும் பிரமாதம்.

மதியத்துக்குள் பதினோரு பொட்டலம் திரும்பி வந்தது. ஒரு பெரியவர், "சேவு வாங்க வந்தேனா, உப்பளம் வாங்க வந்தேனா?" என்றார். இருபத்திரண்டு வருடமாக நான் வைக்கிற குழம்பையும் இவர் பிரமாதம் என்றுதான் சொல்லிவருகிறார். இனி அதை எப்படி நம்புவது?

காலை: முட்டை இரண்டு, கேழ்வரகு அடை. மதியம்: அவித்த பயறு, கீரை, அரைக் கரண்டி சோறு. பசி, பசி, பசி. இத்தனை வருடமாக என் பசி முழுவதும் அந்தச் சிட்டிகைக்குள் ஒளிந்திருந்திருக்கிறது.

ஜூலை 20, சனி

மதினி வந்தார். நான்கு வருடத்தில் என் கடைப்படி ஏறியது இதுதான் முதல் தடவை. கையில் ஒரு பழைய ஈயக் கரண்டி, ஒரு துண்டுக் காகிதம்.

"நேத்து உங்க பொட்டலமெல்லாம் திரும்பி வந்துச்சுன்னு கேட்டு உங்கண்ணன் குடுத்துவிட்டாக."

காகிதத்தில் அண்ணன் கையெழுத்து. ஒரு ஈட்டுக்குக் கடலை மாவு இவ்வளவு, அரிசி மாவு இவ்வளவு, அரைத்த பூண்டு இவ்வளவு, உப்பு இந்தக் கரண்டியில் தலை தட்டி மூன்று. எண்ணெய் எத்தனை ஈட்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பதும் இருந்தது.

"ரெண்டு வருசமா நாக்குல ஒரு துணுக்கு வைக்கல. டாக்டருங்க உப்பு ஆகாதுன்னுட்டாங்கள்ல. ஒரு மாசம் அளந்து அளந்து பாத்து இதைப் பிடிச்சாக. காலைல மொத ஈட்டை மட்டும் நான் ஒரு சிட்டிகை பாப்பேன், அதோட சரி."

தினமும் ஒரே ருசி! உயிர் இல்லை என்று நான் எழுதியது இந்தக் கரண்டியைத்தான்.

மதினி போகும்போது நின்றார். "நீங்க எங்க கடையில வாரம் கால் கிலோ வாங்குறது தெரியும். அவுகளும் உங்க கடையில வாங்கியாரச் சொல்லுவாக. திங்க மாட்டாக. பொட்டலத்தைப் பிரிச்சு மோந்து பாத்துட்டு, கனி இன்னைக்குப் பூண்டைக் கொறச்சிட்டான்னு சொல்லிட்டு மடிச்சு வச்சிருவாக."

அவர் போனதும் நான் கரண்டியை வைத்துக்கொண்டு கடைக்குள் ஒரு சுற்று சுற்றி ஆடினேன். மாஸ்டர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, "ஏம்மா, பசி மயக்கமா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

எடை அறுபத்து ஒன்பது. காலையில் ரயில்வே மேம்பாலம் வரை வேக நடை, சாயங்காலம் மறுபடி. தெருவில் எல்லோரும், "என்ன ராஜகனி, சுகரா?" என்று கேட்கிறார்கள். இல்லை, சந்தோஷம் என்று சொல்கிறேன். நம்ப மறுக்கிறார்கள்.

இருபத்து நான்கு ஈடு. கரண்டியில் தலை தட்டி மூன்று. மதினி முதல் ஈட்டைப் பார்த்து, "உப்பு சரி" என்று சுவருக்கு இந்தப் பக்கத்தில் நின்று சொல்கிறார். பிறகு அந்தப் பக்கம் போய் அங்கும் சொல்கிறார். ஒரு பொட்டலமும் திரும்பி வரவில்லை.

இந்தப் பதினான்கு நாளில் வாயில் சேவு போட்டது: ஒரே ஒரு தடவை, கை தானாகப் போனது. துப்பிவிட்டேன். ஆனாலும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஆடிக் கடைசி வெள்ளி. காலையிலிருந்தே மஞ்சள் சேலைக் கூட்டம், இருக்கன்குடிப் பேருந்தெல்லாம் கூரை வரை ஆள். இரண்டு கடை வாசலிலும் நிற்க இடமில்லை. அண்ணன் அந்தப் பக்கம் நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தான், வராதே என்று எல்லோரும் சொல்லியும் வந்துவிட்டான்.

காலை: முட்டை இரண்டு. பத்து மணிக்குக் கடலை மாவு டின்னைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறினேன். வீட்டுக்காரர், "ஏய், ஏய், என்ன செய்ற?" என்றார்.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க!" என்று கத்தினேன். என் குரல் இருக்கிறதே, ரயில் சத்தத்தை மீறும். கூட்டம் திரும்பியது. "நாலு வருசத்துக்கு முன்னால இதே எடத்துல நின்னு, எங்கண்ணன் குடிக்கிறான்னு சொன்னேன். பொய்யி! எங்கண்ணன் குடிச்சதில்ல. எங்கப்பா குடிச்சதையும் நான் பாத்ததில்ல. ரெண்டு பேரும் உங்களுக்கு உப்பு சரியா இருக்கணும்னு ஒவ்வொரு ஈடா வாயில போட்டுப் பாத்தவங்க. அன்னைக்குச் சொன்னது என் தப்பு. இத்தன பேரு முன்னால சொன்னேன், இத்தன பேரு முன்னால வாபஸ் வாங்கிக்கிறேன்!"

பின்னால் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு ஆச்சி, "சரி தாயி. அரைக்கிலோ போடு, பஸ்ஸு போயிரும்" என்றார்.

நான் டின் மேலேயே நின்றேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நான்கு வருடத்தில் முதல் முறையாக, என்னைப் பார்த்து ஒரு குரல் வந்தது.

"ஏ கனி, அந்த ஈடு கருகுது பாரு!"

திரும்பிப் பார்த்தேன். மாஸ்டர் என் பேச்சை வாய் பிளந்து கேட்டுக்கொண்டு நிற்கிறார், சட்டியில் சேவு கருகுகிறது. வாசனையிலேயே கண்டுபிடித்திருக்கிறான், பாவி. "எடுத்துட்டேன் அண்ணே!" என்று கத்திக்கொண்டே குதித்தேன். டின் உருண்டு ஓடியது. வாழ்க்கையில் ஒரு ஈடு கருகியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

எட்டு! எட்டு! எட்டு!

எடை அறுபத்தாறரை. மெர்லின் மேசையைச் சுற்றி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். டாக்டர் மூடிய பேனாவைத் திறந்து தேதி எழுதினார், ஆகஸ்ட் இருபத்தெட்டு. வீட்டுக்காரர், "இனிமே இவளைக் கொழுப்பெடுத்தவன்னு திட்ட முடியாதே" என்று வருத்தப்பட்டார்.

திரும்பி வரும்போது காரில் அண்ணனும் நானும் சாத்தூர் வரை சண்டை போட்டுக்கொண்டே வந்தோம். பூண்டைத் தோலோடு அரைக்க வேண்டுமா, உரித்து அரைக்க வேண்டுமா என்று. மதினி காதில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு, "பேசாம இருந்தப்பவே நல்லா இருந்துச்சு" என்றார்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஆஸ்பத்திரி. நாளை காலை ஆறு மணிக்கு. பயமில்லை என்று எழுத வந்தேன். இது பொய் எழுதுகிற டைரி இல்லை என்று ஏற்கனவே பட்டுத் தெரிந்தாயிற்று. ஈரக்குலை நடுங்குகிறது. அதில் பாதி அண்ணனுடையது, அந்தப் பாதி நடுக்கம் அவன் கணக்கு.

வாயில் போட்டது: கஞ்சி ஒரு டம்ளர்.

செப்டம்பர் 6, வெள்ளி

உட்கார்ந்து எழுத முடிகிறது. தும்மினால் உயிர் போகிறது, சிரித்தால் அதைவிட. வீட்டுக்காரரை அறைக்குள் விடாதீர்கள் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டேன். அண்ணன் கண்ணில் மஞ்சள் இறங்கிவிட்டதாம்.

செப்டம்பர் 20, வெள்ளி

முகமூடி மாட்டிக்கொண்டு அண்ணன் அறைக்குப் போனேன். கண் வெள்ளையாக இருக்கிறது. எனக்கு அவனுடைய கண்ணின் நிறமே மறந்துபோயிருந்தது. மெர்லின் அவனுக்கும் ஒரு புது டைரி கொடுத்திருக்கிறாள். புது ஈரலையும் கொழுப்படையாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

"எனக்கு என்னத்தம்மா எழுத வரும்? நாலு வரிக்கு மேல வராது" என்றான் மெர்லினிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ எழுதுனதைக் குடு கனி. பாத்துக்கிறேன்" என்றான்.

எனக்குத் திக்கென்றது. இதில் பீர்க்கங்காய் மட்டுமா இருக்கிறது? ஜூலை பதினாறும் இருக்கிறது. டின் மேல் ஏறிக் கத்தினேனே தவிர, அவன் முகத்தைப் பார்த்து மன்னிச்சிரு அண்ணே என்று இன்னும் ஒரு தடவை சொல்லவில்லை. வாய் வரைக்கும் வருகிறது, அங்கேயே நிற்கிறது. இந்தப் பக்கத்தை எழுதி முடித்ததும் டைரியை மதினியிடம் கொடுத்துவிடப் போகிறேன்.

காலை: இட்லி இரண்டு, கடலைச் சட்னி. மதியம்: சோறு, மத்தி மீன், கீரை. வேறு எதுவும் வாயில் போடவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

மதினி டைரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை நான் எழுதியதற்குக் கீழே, ஊசி குத்திய கையால், கோணல்மாணலாக அண்ணன் எழுதியிருக்கிறான்:

"எல்லாம் படித்தேன். உப்பு சரி."